படம் போகவில்லை

கண்ணாயிரத்தை ஸ்ட்ரெச்சரில் கிடத்தியிருந்தார்கள். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். காலையில் டீ குடிக்க இறங்கிய இடத்தில் வலது கை துவண்டு, வாய் கோணிவிட்டது. கேளம்பாக்கத்திலிருந்த அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் தலையை ஸ்கேன் எடுத்தாயிற்று. செங்கல்பட்டுக் கிளையில் இருக்கும் டாக்டர் படத்தைப் பார்த்துச் சொன்னால்தான் ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி போட முடியும். அதையும் நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். படம் போகவில்லை.

கம்ப்யூட்டர் முன்னால் பிரிசில்லா குனிந்திருந்தாள். நெட்வொர்க் வேலைக்கு ஒப்பந்தத்தில் வந்தவள். நோயாளிகளின் விவரம் வழியில் யார் கண்ணிலும் படாதபடி, இரண்டு கிளைகளுக்கும் நடுவே பூட்டிய பாதையைப் போன வாரம் அமைத்தவள் அவள்தான். படமோ மெயிலோ, சின்னச் சின்னப் பொட்டலங்களாகப் பிரிந்துதான் போகும்; பூட்டுப் போட்டால் ஒவ்வொரு பொட்டலமும் சற்றுப் பெருத்துவிடும். வழியிலுள்ள பழைய நெட்வொர்க் பெட்டிகள், பெருத்ததைச் சத்தமில்லாமல் கீழே தள்ளிவிடும். பெரிய படங்களை அனுப்பிப் பார்த்துவிட்டுத் தொடங்கலாம், அரைநாள் கொடுங்கள் என்று கேட்டிருந்தாள்.

"மெயில் போகுதுல்ல? அப்புறம் என்ன டெஸ்ட்டு?" என்று அப்போது மறுத்துவிட்டார் மேனேஜர் ஹரிகிருஷ்ணன். புதிய இணைப்பின் திறப்பு விழாவுக்கு ஆட்களை அழைத்தாகியிருந்தது.

"இன்னாம்மா, படத்துக்கா இவ்ளோ நேரம்?" கண்ணாயிரத்தின் மனைவி பொன்னி கதவருகே வந்து நின்றாள். "கூப்ட்டாகூட திரும்ப மாட்டேன்றாரு."

"போவும்க்கா. இதோ" என்றாள் பிரிசில்லா.

பொட்டலத்தின் அளவைக் குறைத்தால் போதும். ஆனால் விழா முடிந்த கையோடு ஹரிகிருஷ்ணன் அந்தப் பாதையின் பாஸ்வேர்டை மாற்றிவிட்டார். ஒப்பந்த ஆளிடம் அது இருக்கக் கூடாதாம். இப்போது மாமல்லபுரத்து ரிசார்ட்டில் மீட்டிங், போனை எடுக்கவில்லை. நர்ஸ் திரையைச் செல்போனில் படம் பிடித்து அனுப்பினாள். அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் ஹரிகிருஷ்ணன் கூப்பிட்டார்.

"சார், அளவ மட்டும் கொறச்சா போதும் சார்."

"அதெல்லாம் வேணாம். பூட்டையே எடுத்துட்றேன்."

"எடுத்தா எல்லாரு ரிப்போர்ட்டும் தொறந்து கெடக்கும் சார்."

"எனக்கு கிளாஸ் எடுக்காத."

தன் லேப்டாப்பிலிருந்தே எடுத்துவிட்டார். படங்கள் மளமளவென்று போயின. ஸ்பீக்கரில் டாக்டரின் குரல் வந்தது. "ஏன் இவ்ளோ லேட்டு? இனிமே ஊசி போட்டா மூளைல ரத்தம் கசியும். வேணாம்."

பிரிசில்லா எழுந்திருக்கவில்லை. அவள் கை மவுஸின் மேலேயே இருந்தது.

சாயங்காலம் ஹரிகிருஷ்ணன் வந்து பொன்னியிடம் தணிந்த குரலில் பேசினார். "அந்தப் பொண்ணு செட்டிங்ல தப்பு பண்ணிடுச்சும்மா. வேலைய விட்டு அனுப்பியாச்சு."

பையோடு கிளம்பிக்கொண்டிருந்த பிரிசில்லாவைப் பொன்னி பார்த்தாள். திட்டவில்லை.

"போவும்னு சொன்னியேம்மா" என்றாள்.



வாசலில் காவலாளி பிரிசில்லாவை நிறுத்திப் பையை மேசைமேல் கொட்டச் சொன்னார். டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்தார். குடையை விரித்து உதறினார். உள்ளே அடுத்த நோயாளியின் படங்கள் பூட்டில்லாத பாதையில் செங்கல்பட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன.