தங்கைக்குக் கொடுத்த முகவரி

1

இந்தக் கதைக்கு வித்து ஒரு மன்னிப்புக் கடிதம். நான் எழுதுவதையெல்லாம் சேமித்து வைக்கும் நிறுவனம் அனுப்பியது: "உங்கள் பாதுகாப்பே எங்கள் முதல் அக்கறை. சில தகவல்கள் வெளியே போயிருக்கக்கூடும்." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டைத் திறந்து போட்டுவிட்டுப் பூட்டின் பெருமை பேசுகிறார்கள். இதையும் ஒருவர் உட்கார்ந்து எழுதியிருப்பாரே, அவர் யார் என்று யோசித்தேன்.

2

மருந்தை வீடு தேடிக் கொண்டுவரும் நிறுவனம் ஒன்றில் அப்படிக் கடிதம் எழுதுபவள் என் கதையின் அக்கா. அவள் தங்கைக்கு ஆஸ்துமா. அந்தத் தங்கை, அடிக்கிற கணவனிடமிருந்து தப்பி ஒளிந்து வாழ்கிறாள். "எங்க கம்பெனிதானே, பத்திரமா இருக்கும். அட்ரஸைக் குடு" என்று வற்புறுத்தியவள் அக்காதான்.

(முதலில் அக்காவை நெஞ்சழுத்தக்காரியாக எழுதிப் பார்த்தேன். சரிப்படவில்லை.)

திங்கட்கிழமை மேலாளர் அவள் மேஜைக்கு வந்தார்.

"கஸ்டமர் அட்ரஸெல்லாம் வெளிய போயிருக்கு. லெட்டரை எழுதி வைங்க. மேலேருந்து சொல்றப்ப அனுப்பலாம்."

"அதுவரைக்கும் அவங்களுக்குத் தெரியாதே சார்?"

"தெரிஞ்சா மட்டும் என்னம்மா பண்ணப் போறாங்க?"

வெளியே மூச்சு விட்டால் வேலை போய்விடும். அவள் பயந்தாள். நான்கு நாள் பயந்தாள். வெள்ளிக்கிழமை மதியம் மாடிப்படியில் நின்று தங்கையை அழைத்தாள்.

3

"நல்லவேளை, நீயே பேசுற. வாசல்ல பெல் அடிக்குது. மருந்து அனுப்பினியாக்கா?"

"இல்லையே."

"உங்க கம்பெனிப் பேரைச் சொல்றாங்க. மருந்துப் பேரும் சரியாச் சொல்றாங்களே."

திறக்காதே என்று அக்கா கத்தியதும் தங்கை— (இல்லை. அக்காவுக்குக் குரலே எழவில்லை.)

4

முடிவு ஒன்று: பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கிறார், வந்தவன் போய்விடுகிறான்.

முடிவு இரண்டு: தாழ்ப்பாள் விலகும் சத்தம் அக்காவின் காதில்— எனக்கு இதை எழுதத் தெம்பில்லை.

5

இன்று காலை எனக்கு, என் எழுத்தைச் சேமிக்கும் அதே நிறுவனத்திடமிருந்து இரண்டாவது கடிதம் வந்தது. ஓட்டை இன்னும் அடைபடவில்லையாம். இந்தக் கதையின் முதல் பிரதியும் அங்கேதான் கிடந்தது. சோம்பல், வேறென்ன. அதில் தங்கையின் மருந்துக்குப் பெயரும் அவளுக்கு முழு முகவரியும் கொடுத்திருந்தேன். முகவரி கற்பனையில் சிக்காததால் என் வீட்டு முகவரியையே போட்டேன். பிறகு அழித்துவிட்டேன்.

இப்போது என் வாசலில் மணி அடிக்கிறது. ஓர் ஆண் குரல் அந்த மருந்தின் பெயரைச் சரியாகச் சொல்கிறது. இந்த வீட்டில் யாருக்கும் ஆஸ்துமா கிடையாது.

எனக்குப் பயமாக இருக்கிறது. நான் திறக்கப்போவதில்லை. தங்கை திறந்தாளா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எங்கே எழுதி வைக்கிறீர்கள் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.