எதிர் வீட்டுக்காரர் ஆடு அடித்த விஷயம்

1

இந்தக் கதையை எழுதச் சொன்னவர் எதிர் வீட்டு மணவாளன். கதை என்றால் அவர் அகராதியில் நற்சான்றிதழ் என்று பொருள்.

"மாமி, நீங்க நாலு எழுத்துப் படிக்கறவா. நடந்ததை நடந்தபடி எழுதி வச்சுடுங்கோ. வெள்ளிக்கிழமை பெங்களூர்லேர்ந்து சம்பந்தம் பேச பிள்ளையோட அம்மா வரா. எங்காத்துக்கு வரதுக்கு முன்னாடி உங்காத்துக்குத்தான் விசாரிக்க வருவா. வாயால சொன்னேள்னா நடுவுல சிரிச்சுடுவேள்" என்றார்.

விசாரிக்க வேண்டியது ஒன்றே ஒன்று. பெண்ணின் அப்பா ஆட்டை அடித்தாரா, இல்லையா?

அடித்தார். கம்ப்யூட்டரில் அடித்தார்.

(பாருங்கள், இரண்டு வரியில் கதை முடிந்துவிட்டது. என் கணவர் முதல் வரியை மட்டும் சொல்லிவிட்டு இறந்துபோனார். அதனால்தான் இத்தனை பக்கம்.)

2

தொடக்கங்கள் சில எழுதிப் பார்த்தேன்.

"திருப்பதியில் கோவிந்தராஜர் கோயிலை ஒட்டிய எங்கள் தெருவில் விடியற்காலையில்..." இதை அடித்துவிட்டேன். ஆடு அடிக்கப்பட்டது சாயங்காலம்.

[இந்த 'அடி'யோடு பெரிய தொல்லை. வாக்கியத்தை அடிக்கிறேன், டைப் அடிக்கிறேன். ஒரு சொல்லால் ஒரு குடும்பத்தின் மானம் போனபிறகும் அதற்கு மாற்றுச் சொல் அகப்படவில்லை.]

"என் கணவர் வெங்கடராகவன் கோயில் மடப்பள்ளியில் கைங்கர்யம் செய்தவர். நல்ல மனிதர்..." இங்கேயும் நிறுத்திவிட்டேன். 'நல்ல மனிதர்' என்று எழுதியதும் அடுத்த வரி வாசலில் ஒரு 'ஆனால்' செருப்பைக் கழற்றிக்கொண்டு நிற்கிறது.

3

நாட்டைத் தாராளமயமாக்கினார்கள். எங்கள் தெருவில் பிள்ளைகள் குறைந்தார்கள், கம்ப்யூட்டர்கள் கூடின. என் பிள்ளை ஸ்ரீகிருஷ்ணா அமெரிக்காவுக்கும், மணவாளனின் பெண் ஸுப்ரஜா பெங்களூருக்கும் போவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தார்கள். இரண்டு மொட்டை மாடிகளுக்கும் நடுவே தெருவுக்கு மேலாக ஒரு கேபிள் இழுத்து, இரண்டு வீட்டுக் கம்ப்யூட்டர்களையும் இணைத்து விளையாடினார்கள். சுவாமி புறப்பாடு வந்தால் குடை தட்டாமலிருக்க யாராவது மூங்கில் கழியால் கேபிளைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். பிள்ளைகள் போனார்கள். கேபிளும் கழியும் அப்பாக்களிடம் வந்து சேர்ந்தன.

கூடவே அபிப்பிராயங்களும் வந்தன. நாங்கள் வடகலை, மணவாளன் வீட்டார் தென்கலை. குரங்குக் குட்டி தாயைத் தானே இறுகப் பற்றிக்கொள்வதுபோல மனிதன் பகவானைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் பக்கம். பூனை குட்டியைக் கவ்விக்கொண்டு போவதுபோல அவனே பார்த்துக்கொள்வான் என்பது அவர்கள் பக்கம். பல நூற்றாண்டுச் சண்டை. இரண்டு பேரும் அதை ஒரு திருகாணிகூடக் குறையாமல் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோய் மாட்டினார்கள்.

என் கணவருடையது கடை கடையாக அலைந்து மதர்போர்டு ஒரு இடம், ஃபேன் ஒரு இடம் என்று வாங்கிச் சேர்த்த மெஷின். மணவாளனுடையது கம்பெனி சீல் போட்டு அட்டைப்பெட்டியில் வந்தது.

"அசெம்பிள்டுதான் ஓய் மெஷின். எது கெட்டாலும் நாமளே கழட்டி மாட்டிக்கலாம்."

"நீர் கழட்டி நெறையப் பாத்திருக்கேன். மாட்டித்தான் பாத்ததில்லை. எனக்குக் கம்பெனிக்காரன் வந்து பாத்துப்பான்."

"எப்ப வருவான்?"

"வரச்சே வருவான். நம்பிக்கை வேணும்."

"வாரண்டிகிட்டயே சரணாகதி பண்ணியாச்சாக்கும்!"

ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் கம்ப்யூட்டர் பக்கம் வந்தால் இன்னும் மோசம். மடப்பள்ளிப் புகையை இத்தனை வருஷம் குடித்தவர், ப்ராசஸர் சூட்டைப் பற்றிக் கவலைப்படுவார்.* "ரெண்டு மூளை வச்ச ப்ராசஸர் வந்திருக்காம் ஓய்" என்று இவர் ஜன்னலிலிருந்து கத்துவார். "உமக்கு ஒண்ணு வந்தாலே போறும்" என்று எதிர் ஜன்னல் பதில் சொல்லும். இரண்டு பேரும் அதை வாங்கவில்லை. வாங்காத சாமானைப் பற்றித்தான் மனிதர்களுக்கு உறுதியான அபிப்பிராயம் இருக்கிறது.

* எந்தக் கம்பெனி ப்ராசஸர் அதிகம் சூடாகும் என்று எழுதமாட்டேன். இரண்டு கம்பெனிகளுக்கும் இந்தத் தெருவில் பக்தர்கள் உண்டு.

4

ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாலைந்து ஆட்களோடு தொடங்கி, மரம் வெட்டி, கல் உடைத்து, கோட்டை கட்டி, படை திரட்டி, எதிராளியின் ராஜ்யத்தைத் தரைமட்டமாக்க வேண்டும். ஆட்களுக்குச் சாப்பாடு வேண்டும். திரையில் மான் மேயும், மீன் துள்ளும், வீட்டு வாசலிலேயே ஆடு நிற்கும். ஆடுகிறவர்கள் எல்லோரும் எடுத்த எடுப்பில் அந்த ஆட்டைத்தான் அடிப்பார்களாம்.

இவர்கள் இரண்டு பேரும் கூடிப் பேசி விதி செய்தார்கள். பழப்புதர், வயல், அவ்வளவுதான். மான் மேயட்டும். மீன் துள்ளட்டும். ஆடு, எதிராளியின் ஆடாக இருந்தாலும், தொடக்கூடாது.

ஆளை ஆள் வெட்டலாம். அதற்குத் தடை கிடையாது. எத்தனையோ மத்தியானங்களில் சாப்பாட்டைப் பரிமாறிவிட்டு நான் நிற்க, "இரு, இன்னும் பத்துப் பேரை முடிச்சுட்டு வரேன்" என்பார். முடித்துவிட்டு, கை கால் அலம்பி, இலையைச் சுற்றி ஜலம் விட்டுப் பரிசேஷணம் செய்து, வெங்காயம்கூடச் சேர்க்காத சாம்பாரைச் சாப்பிடுவார்.

"இப்படி விளையாடினா ஒரு கோட்டைக்கு ஒரு ஜன்மம் ஆகும்ப்பா" என்று ஸ்ரீகிருஷ்ணா போனில் சிரித்தான். "நாங்க எங்கடா போகப்போறோம்?" என்றார். எனக்கு அது அன்று வேடிக்கையாக இருந்தது.

5

அடித்த நாள்.

பழப்புதர் தீர்ந்திருந்தது. வயல் விளையவில்லை. மணவாளனின் ஆள் ஒருவன் ஆட்டுக்குப் பக்கத்தில் சும்மா நின்றிருந்தான். பிறகு சும்மா நிற்கவில்லை.

என் கணவர் ஜன்னலுக்குப் பாய்ந்தார்.

"ஓய் மணவாளன்! ஆட்டை அடிச்சுட்டீரே!"

"நான் அடிக்கலை ஓய்! அதுவாப் போய் அடிச்சுடுத்து!"

"அதுவா எப்படி அடிக்கும்? நீர் அமுக்காம அது அடிக்குமா?"

"பசி ஓய்! பசியில அடிச்சுடுத்து!"

"அடிச்சதைத் தின்னாச்சா?"

"எல்லாம் தின்னாச்சு! இப்ப என்ன பண்ணச் சொல்றீர்?"

தெருவில் அந்த நேரத்தில் யார் யார் போய்க்கொண்டிருந்தார்கள் என்று நான் கற்பனை செய்யத் தேவையில்லை. மறுநாள் காலை, பிச்சாட்டூர் பக்கத்திலிருந்து பூ கொண்டுவரும் செங்கம்மா என்னிடமே கேட்டாள்.

"இன்னாம்மா, எதிரூட்டு சாமி ஆட்ட அடிச்சித் துன்னுட்டாராமே? ஊரே சொல்லிக்கினு கீது."

"அது கம்ப்யூட்டர்ல, செங்கம்மா. ஆட்டம்."

அவள் முழத்தை அளந்து முடித்துவிட்டுச் சொன்னாள். "அது சரி. நீங்க அடிச்சா கம்ப்யூட்டரு. நாங்க அடிச்சா மட்டும் ஆடு."

பூவை வாங்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். இப்போதும் இந்த இடத்தில் ஒரு பத்தி காலியாக

6

அதோடு ஆட்டம் நின்றது. பேச்சும் நின்றது. கேபிளை மட்டும் யாரும் அறுக்கவில்லை. அறுத்தால் யார் அறுத்தது என்று ஒரு புதுச் சண்டை வரும். புறப்பாட்டின்போது ஒரு முறை இவர் கழி பிடிப்பார், மறுமுறை அவர். முகம் பார்க்காமல்.

கொஞ்ச நாளில் காஞ்சிபுரத்திலிருந்து ஸுப்ரஜாவுக்கு ஒரு வரன். பிள்ளை வீட்டுப் பெரியவர் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து, தெருவில் காதில் விழுந்ததைத் தயங்கித் தயங்கிக் கேட்டார். என் கணவர் சொன்னார்:

"ஆடு அடிச்சது வாஸ்தவம். என் கண்ணால பாத்தேன்."

அவர் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். நான் சமையலறையிலிருந்து வருவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

"ஏன்னா, இது நன்னாயிருக்கா?"

"பொய் சொன்னேனா? கேட்டதுக்குப் பதில் சொன்னேன். கம்ப்யூட்டர்லயான்னு அவர் கேக்கலையே."

[இந்த இடத்தில் என் பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம் வருகிறது. இத்தனை வருஷம் கூட வாழ்ந்த மனிதர் இவ்வளவு சின்னவரா? ஒரு எழுத்தாளர் இவரைப் படைத்திருந்தால் 'நம்பும்படி இல்லை' என்று பத்திரிகை திருப்பி அனுப்பியிருக்கும். நான் படைக்கவில்லை. சாதம் வடித்துப் போட்டேன்.]

அந்த மாசியில் அவர் போய்விட்டார். மார்வலி. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன வண்டி புத்தூர் தாண்டவில்லை.

7

மணவாளன் துக்கம் கேட்க வந்தவர், எல்லோரும் போனபிறகும் உட்கார்ந்திருந்தார். "கடைசில என்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா மாமி?" என்றார்.

இதற்கு ஒரு காட்சி எழுதினேன். "வண்டியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, 'மணவாளனுக்கு நான் துரோகம் பண்ணிட்டேன், பத்மா' என்று கண் கலங்க..." நன்றாகவே வந்தது. படித்தால் நீங்கள் அழுதிருப்பீர்கள். அடித்துவிட்டேன். அவர் என்னைப் பத்மா என்று கூப்பிட்டதே இல்லை.

உண்மையில் கடைசியாகச் சொன்னது: "யு.பி.எஸ்.ல பேட்டரி மாத்தணும். பீப்னு கத்தினுருக்கு. கடைக்காரன் சொல்றதை நம்பாதே, நீயே பாத்து வாங்கு." குரங்குக் கட்சி, கடைசி மூச்சு வரை.

மணவாளனிடம் இதைத்தான் சொன்னேன். அவர் மேல்துண்டை எடுத்தார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எந்தக் கம்பெனி பேட்டரி?" என்று கேட்டார்.

8

இப்போது வந்திருக்கும் வரன் ஸுப்ரஜாவே பார்த்துக்கொண்டது. கூட வேலை செய்கிற பையன். அவளுக்கு அவன்தான் வேண்டும். நேற்று போனில் பேசினாள்.

"மாமி, ப்ளீஸ், கிண்டல் பண்ணாம எழுதுங்கோ. அவா அம்மா சிரிக்கறவா இல்லை."

"சரிடி."

"ராகவன் மாமா பொய் சொன்னார்னு ஒரே வரி போட்டுடுங்கோ. எல்லாம் முடிஞ்சுடும். அவருக்கு இனிமே என்ன ஆகப்போறது?"

"அவருக்கு ஒண்ணும் ஆகாது. எனக்கு ஆகும்."

"வச்சுடறேன் மாமி" என்றாள். அழுகிறாளோ என்று கேட்கத் தைரியமில்லை. நான் தூக்கி வளர்த்த பெண்.

ஆகவே முடிவுகள்.

ஒன்று: என் கணவர் பொறாமையில் பொய் சொன்னார். கல்யாணம் நடக்கும். ஆனால் அவர் பொய் சொல்லவில்லை. பாதி உண்மை சொன்னார். அதற்குத் தனியாக ஒரு கெட்ட பெயர் தமிழில் இருக்க வேண்டும்.

இரண்டு: மணவாளன் வேண்டுமென்றேதான் அமுக்கினார். கணவர் மானம் பிழைக்கும், பெண் தவித்துப்போவாள்.

மூன்று: யாரும் அமுக்கவில்லை, ஆள் தானாகப் போய் அடித்தான். இது சாத்தியமா என்று நான் சோதித்துப் பார்க்கலாம். கம்ப்யூட்டர் இருக்கிறது, ஆட்டம் இருக்கிறது. பார்க்கவில்லை. பார்த்தால் இரண்டு பேரில் ஒருவர் தோற்றாக வேண்டும். ஒருவர் திருப்பி வாதாட வரமாட்டார்.

நான்கு: இதுதான் எனக்கு ஆசை. பிள்ளையின் அம்மாவைத் திருப்பிக் கேட்பது. உங்கள் பிள்ளை ஒரு வருஷம் அமெரிக்காவில் இருந்தானாமே, அங்கே என்ன சாப்பிட்டான்? ஆனால் இதையும் எழுதமாட்டேன். என் பிள்ளையையே நான் கேட்டதில்லை. "இங்கே எல்லாம் கிடைக்கறதும்மா" என்பான். 'எல்லாம்' என்ற சொல்லைத் தாண்டி நான் போவதில்லை. இந்தத் தெருவில் பாதி ஆசாரம் கேட்காத கேள்விகளால்தான் நிற்கிறது.

9

ஆகவே, பெங்களூரிலிருந்து வந்திருக்கும் அம்மா, இவ்வளவும் உங்களுக்குத்தான். மற்றவர்கள் படித்தால் அவர்களுக்கும்.

உங்களை இந்த நாற்காலியில் உட்காரவைத்தது இதற்காகத்தான். எதிரே இருப்பது என் கணவர் சேர்த்துக் கட்டிய மெஷின். கொஞ்சம் சூடாகும், பயப்படாதீர்கள். ஆட்டம் திறந்திருக்கிறது. உங்கள் ராஜ்யத்தில் நாலு ஆட்கள். பழப்புதர் தீர்ந்துவிட்டது. வயல் விளைய நாளாகும். மேலே மூலையில் தெரிவது சாப்பாட்டுக் கணக்கு. அது பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஓர் ஆள் ஆட்டை ஒட்டி நிற்கிறான்.

மவுஸ் உங்கள் வலது கைப் பக்கம். தொடலாம், தொடாமலும் இருக்கலாம். தொடாமல் இருந்தால் அவன் என்ன செய்வான் என்று எனக்கு உண்மையாகவே தெரியாது.

நான் காபி கலக்க உள்ளே போகிறேன். டிகாக்‌ஷன் இறங்க நேரமாகும். திரும்பி வந்ததும் திரையைப் பார்க்கமாட்டேன், என்ன ஆயிற்று என்று கேட்கவும் மாட்டேன். காபியைக் குடித்துவிட்டு, தெருவைக் கடந்து போய், ஆடு என்ன ஆயிற்று என்று அவர்கள் கேட்டால் நீங்களே...