வரேன்னு சொன்னவள்

திருக்கழுக்குன்றம் மருந்துக்கடை முன்னால் ராஜாராம் வழக்கம்போலக் கம்பெனி பஸ்ஸை நிறுத்திக் கதவைத் திறப்பார். ஏறுவதற்கு ஆள் இருக்காது. கவியா செத்துப்போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் அவர் கால் அந்த இடத்தில் தானாக பிரேக்கை மிதித்துவிடும். பிறகுதான் நினைவு வந்து, யாரையும் பார்க்காமல் கதவை மூடுவார். அந்த நேரம் ஹாதியா செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பாள். போனில் ஒன்றும் இருக்காது. பக்கத்து சீட்டைப் பார்க்காமல் இருக்க அதுதான் வசதி.

ஹாதியா மாமல்லபுரத்தில் ஏறுவாள். கவியா இங்கே ஏறுவாள். சிங்கப்பெருமாள் கோயில் தாண்டி, இன்சூரன்ஸ் கிளெய்ம் பார்க்கும் அலுவலகம் வரைக்கும் இரண்டு பேரும் வாய் மூட மாட்டார்கள். அதுவும் தமிழில் இல்லை. கிளிங்கான் என்று ஒரு பாஷை. விண்வெளிச் சண்டைக்காரர்கள் வரும் ஒரு படத்துக்காக மொழி ஆராய்ச்சிக்காரர் ஒருவர் உட்கார்ந்து உண்டாக்கியது. கவியாதான் அதைப் போனில் பிடித்து வந்தாள். கல்யாண வயதில் இருக்கும் இரண்டு பெண்களுக்கு இது எதற்கு என்று கேட்டால் பதில் கிடையாது. சிலர் பஸ்ஸில் தூங்குவார்கள், சிலர் வெங்காயம் உரித்துக்கொண்டே வருவார்கள். இவர்கள் கிளிங்கான் பேசினார்கள்.

கவியாவுக்கு அதன் இலக்கணத்தைவிட, உண்டாக்கியவர் உள்ளே ஒளித்துவைத்த குறும்புதான் பிடிக்கும். அந்த பாஷையில் மீனுக்கு ‘கோத்தி’. ஆங்கில எழுத்துக்கூட்டல் இருக்கும் லட்சணத்துக்கு ‘ghoti’ என்று எழுதி ‘ஃபிஷ்’ என்று படிக்கலாம் என்று யாரோ எப்போதோ சொன்ன ஜோக்கை அந்த மனிதர் அப்படியே தூக்கி உள்ளே போட்டிருந்தார். வலிக்கு ‘ஓய்’. யூத வீட்டுக் கிழங்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகும் சத்தமாம். ஜோடிக்கு ‘சாங்எங்’. சயாமில் ஒட்டிப் பிறந்த சாங், எங் என்ற இரட்டையர் பெயர். இதைப் படித்த அன்று கவியா செங்கல்பட்டு வரும்வரை சிரித்தாள். “பெரிய்ய வீரனுங்க பாஷைன்னு சொல்றான். உள்ள பாத்தா எல்லாம் இவன் வூட்டு ஜோக்கு” என்றாள். அதோடு விட்டாளா? இவர்களும் ஒளித்துவைக்க ஆரம்பித்தார்கள். பஸ் என்பதற்கு ‘ரஜ்ரம்’. லேட்டாக வருவதற்கு சூப்பர்வைசர் தீனதயாளன் பெயரில் பாதி. முன்சீட்டில் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த ராஜாராமுக்குத் தன் பெயர் ஒரு பாஷையில் ஏறிவிட்டது கடைசிவரை தெரியாது.

இன்னொன்றும் அவளுக்குப் பிடிக்கும். கிளிங்கான்காரர்கள் பார்த்தவுடன் வணக்கம் சொல்ல மாட்டார்கள், ‘நுக்நெஹ்’ என்பார்கள். உனக்கு இன்னா வேணும் என்று அர்த்தம். பேசி முடித்தால் எழுந்து போய்விடுவார்கள், விடைபெறுவது கிடையாது. கவியாவும் அப்படியே பழகிக்கொண்டாள். சாயங்காலம் பஸ் நின்றதும் பாதி வாக்கியத்தில் எழுந்து இறங்கிப் போவாள். திரும்பிப் பார்க்க மாட்டாள். கண் சிவந்து, உடம்பு கொதித்துக்கொண்டிருந்த அந்தக் கடைசிச் சாயங்காலமும் அப்படித்தான் இறங்கினாள். டெங்கு என்றார்கள். அந்த வாரம் முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

எடுக்கிற அன்று ஹாதியா தன் அத்தா முனீரோடு வந்தாள். வாசலில் பந்தல், நாற்காலிகள், உள்ளே ஒப்பாரி. கவியாவின் அம்மா பூங்கொடி அழாமல் சுவரில் தலை சாய்த்து உட்கார்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஹாதியாவுக்குத் தட்டில் சோறு குறையாமல் பார்த்துக்கொண்டவள். கொஞ்ச நேரம் அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டு எழும்போது ஹாதியாவின் வாய் சும்மா இருக்கவில்லை. “போய்ட்டு வரேம்மா” என்றது.

கவியாவின் அத்தை பார்வதம் சட்டென்று திரும்பினாள். “யாரும்மா அது? சாவு வூட்ல வந்து போய்ட்டு வரேன்றது? இன்னொரு சாவு வேணுமா இந்த வூட்டுக்கு?”

ஹாதியாவுக்குத் தெரியாத வழக்கமில்லை. துக்க வீட்டில் சொல்லிக்கொள்ளாமல்தான் கிளம்ப வேண்டும். அவர்கள் தெருவிலும் அப்படித்தான். ஆனால் அந்த வீட்டு வாசற்படியில் அவள் எத்தனையோ தடவை சொன்ன வார்த்தை அது, பழகிய வாய் சொல்லிவிட்டது. பூங்கொடி கண்ணைத் தூக்கி ஒரு தடவை பார்த்தாள், அவ்வளவுதான். அந்தப் பார்வையை ஹாதியா வெறுப்பு என்றே எடுத்துக்கொண்டாள். காரியத்துக்கும் போகவில்லை. அந்தம்மாவின் முகத்தில் எப்படி விழிப்பது என்று உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தாள். மறந்து இருக்கவும் முடியவில்லை. தினமும் அந்த மருந்துக்கடை வந்துகொண்டே இருந்தது.

இன்று ராஜாராம் கதவைத் திறந்தபோது படியில் ஒரு கால் ஏறியது.

“ஹாதி கீறாளா இதுல?”

பூங்கொடி. இளைத்துப் பாதி உடம்பாகியிருந்தாள். ராஜாராம் பின்னால் கை காட்டினார். ஹாதியா எழுந்து நின்றாள். திட்டட்டும், நாலு பேர் முன்னால் திட்டித் தீர்க்கட்டும் என்றுதான் நின்றாள்.

“வரேன்னு சொல்ட்டுப் போன. ஏன் வரல?”

“அம்மா, அன்னிக்கி நான் தெரியாம வாய்தவறி…”

“அத்தினி பேரு வந்தாங்க. அல்லாரும் சொல்லாம கொள்ளாம எழுந்து பூட்டாங்க. நான் பெத்த பொண்ணே சொல்லாமதான் பூட்டா. நீ ஒருத்திதான் வரேன்ன. இன்னிக்கி வருவா, நாளைக்கி வருவான்னு வாசலையே பாத்துகினு கீறேன்.”

பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. “அண்ணா, லாகின் டைம் ஆவுது” என்று யாரோ சொன்னார்கள். “இருய்யா, ஆவட்டும்” என்றார் ராஜாராம். ஹாதியா பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

வீட்டில் கவியா படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். அலுவலக அடையாள அட்டைக்கு எடுத்த போட்டோவைப் பெரிதாக்கியிருந்தார்கள், சிரிப்பே இல்லை. பூங்கொடி இட்லி வைத்தாள். தண்ணீர் வைத்தாள். எதிரில் உட்கார்ந்து அவள் சாப்பிடுவதைப் பார்த்தாள். ஹாதியாவுக்கு இறங்கவில்லை. ஆனாலும் சாப்பிட்டாள். சாப்பிடாவிட்டால் அந்தம்மா தாங்க மாட்டாள் என்று தெரிந்தது.

“அந்த பாஷைய கொஞ்சம் பேசேன்” என்றாள் பூங்கொடி.

ஹாதியா நிமிர்ந்தாள். இந்தம்மாதான் அதைத் திட்டாத நாளில்லை. தொண்டையில மீன் முள்ளு சிக்கின மாரி இன்னாடி பேச்சு இது, வர்ற மாப்பிள்ள ஓடிப்பூடுவான் என்று அடுப்படியிலிருந்து கத்துவது போன் வழியாக ஹாதியாவுக்கே கேட்கும்.

“தனியா எப்டிம்மா பேசறது? அதுக்கு ரெண்டு பேரு வேணுமே.”

“ராவும் பகலும் போன்ல பேசிகினு இருப்பா. எனக்கு அவ பக்கந்தான் கேக்கும். நீ இன்னா சொன்னன்னு கேட்டதே இல்ல. அந்தப் பக்கத்தப் பேசு.”

ஹாதியா தட்டை நகர்த்திவைத்தாள். எதைப் பேசுவது? ஏதோ ஒரு சாதாரணச் சாயங்காலத்தை எடுத்துக்கொண்டாள். பஸ் இன்றைக்கு மெதுவாக வந்தது என்றாள். தீனதயாளன் மறுபடியும் லேட் என்றாள். கவியா சிரிக்க வேண்டிய இடத்தில் நிறுத்தினாள். அந்த இடைவெளியில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. மீன் வாங்கினேன், உனக்குக் கிடையாது என்றாள். இங்கே கவியா வாயில் வந்ததைச் சொல்லித் திட்டுவாள். அதற்கும் இடம் விட்டாள். உடம்பு வலி இருக்கிறதா, மாத்திரை போட்டாயா என்று கேட்டாள். அதை அவள் நிஜத்தில் கேட்கவே இல்லை. இப்போது கேட்டாள். பதிலுக்காகக் கொஞ்சம் அதிகமாகவே காத்திருந்தாள்.

பூங்கொடி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். ஹாதியா நிறுத்திய ஒவ்வொரு இடத்திலும் அவள் உதடு லேசாக அசைந்தது. அர்த்தம் தெரியாமல் தினமும் காதில் விழுந்த சத்தமெல்லாம் அவளுக்குள் எங்கேயோ கிடந்திருக்க வேண்டும். கடைசியில் ஒரு தடவை, தொண்டையைக் கரகரவென்று இழுத்து, “நுக்நே” என்றாள். பாதிதான் வந்தது. ஹாதியா இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

“அவ்ளோதானா?” என்று கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள் பூங்கொடி.

“அவ்ளோதாம்மா.”

“கட் பண்ணுறதுக்கு முன்ன இன்னா சொல்வீங்க?”

“ஒண்ணும் சொல்ல மாட்டோம்மா. அதுல போய்ட்டு வரேன்றதே கெடையாது. பேசி முடிஞ்சா முடிஞ்சுது.”

பூங்கொடி படத்தைப் பார்த்தாள். “அப்டியா?” என்றாள். “அதான் சொல்லாம பூட்டாளா என் பொண்ணு?” அவள் அழ ஆரம்பித்தது அப்போதுதான். பக்கத்து வீட்டிலிருந்து பார்வதம் ஓடி வந்தாள். ஹாதியாவை ஒன்றும் சொல்லவில்லை. மூவரும் அந்தச் சின்ன அறையில் உட்கார்ந்திருந்தார்கள்.

சாயங்காலம் மருந்துக்கடை வரைக்கும் பூங்கொடி கூடவே வந்தாள். மலைக்கோயிலுக்குப் போய்விட்டு வந்த கும்பல் ஒன்று டீ குடித்துக்கொண்டிருந்தது. கம்பெனி பஸ் வந்து நின்றது, கதவு திறந்தது. ஹாதியா படியேறித் திரும்பினாள். வார்த்தை வாய் வரை வந்து தயங்கியது. பார்வதத்தின் குரல் இன்னும் காதில் இருந்தது. பூங்கொடி தலையை அண்ணாந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“போய்ட்டு வரேம்மா.”

ஹாதியா ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். அந்த ஜன்னலுக்குக் கீழே, பஸ்ஸின் வெயிலில் காய்ந்த தகரத்தில், பூங்கொடி உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். ராஜாராம் கண்ணாடியில் அந்தக் கையைப் பார்த்தார். கதவை மூடிவிட்டிருந்தார், இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கியரில் கை வைத்தபடி, பஸ்ஸை நகர்த்தாமல் உட்கார்ந்திருந்தார்.