கடைசிப் பயணி எங்கே?

நான்கு பேர் பஸ் ஏறினார்கள். கணக்கில் மூன்று பேர்தான் இருந்தார்கள்.

தாரா வழிகாட்டிக்கான உதாரண நிரலை மறுபடியும் ஓட்டிப் பார்த்தாள். பயணிகள் அட்டையைத் தட்டிய நேரம் 10.01, 10.03, 10.04, 10.07. நிரல் ஐந்து நிமிடத்துக்கு ஒரு கட்டம் என்று பிரித்து, கட்டத்துக்கு எத்தனை பேர் என்று சொல்ல வேண்டும். முதல் கட்டத்துக்கு மூன்று என்றது. அடுத்ததைப் பற்றி மூச்சே விடவில்லை. 10.11க்கு இன்னொருவரை ஏற்றினாள். உடனே 10.07 ஆள் கணக்கில் வந்துவிட்டார், இப்போது 10.11 ஆளைக் காணோம்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருந்த அந்தச் சின்ன நிறுவனத்தின் மென்பொருள், தகவல்கள் வந்து குவியும்வரை காத்திருக்காது. வர வர எண்ணிக்கொண்டே போகும். அதை மற்ற நிரலாளர்கள் எப்படிப் பயன்படுத்துவது என்ற வழிகாட்டியைப் புதிய பதிப்புக்கு ஏற்ப மாற்றி எழுதுவது தாராவின் வேலை. தான் ஓட்டிப் பார்க்காத உதாரணத்தை அவள் எழுத மாட்டாள்.

"என் மெஷின்ல நல்லாத்தானே ஓடுது," என்றான் லோகன். மென்பொருளை எழுதியவன் அவன். அவன் திரையில் எண்கள் விடாமல் விழுந்துகொண்டிருந்தன. அவன் சோதித்தது பஸ்களிலிருந்து ஓயாமல் வரும் தகவலை வைத்து.

"உன் மெஷினையா கஸ்டமருக்குக் கொடுக்கப் போறோம்?"

"கொடுத்தாலும் கொடுப்பேன் லா. புதுசு வாங்கித் தந்தா."

மேலாளர் கமலநாதன் எட்டிப் பார்த்தார். "தாரா, ஆறு மணிக்கு ரிலீஸ். வழிகாட்டியோட முதல் பேஜ் சரியா வரலன்னா எடுத்துடுவேன். உங்கள வேலையில கன்ஃபர்ம் பண்றதுக்கு அந்தப் பேஜத்தான் மேல பார்ப்பாங்க, தெரியும்ல?" என்றவர் சாவியை எடுத்தார். "இப்ப வாங்க. சாப்பிடப் போகலன்னா புனிதா ஜென்மத்துக்கும் பேசமாட்டா."

அன்று அலுவலகத் தோழி புனிதாவுக்குக் கல்யாணம், இரண்டு தெரு தள்ளி ஒரு மண்டபத்தில். கடைசிப் பந்திக்குத்தான் போய்ச் சேர்ந்தார்கள்.

பந்தியில் ஒரு வழக்கம் உண்டு. இலையில் பாயசம் விழும்போதே, அடுத்த பந்திக்காரர் நம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பார். அவர் மூச்சு பிடரியில் பட்டதும் நாம் எழுந்துவிடுவோம். சாப்பாடு முடிந்தது என்று யாரும் அறிவிக்க வேண்டியதில்லை.

இந்தப் பந்திக்குப் பின்னால் யாரும் இல்லை. எல்லாரும் சாப்பிட்டாயிற்று, கைகூடக் காய்ந்துவிட்டது. எதிரே ஓர் அங்கிள் செந்தூலில் கார் நிறுத்த இடம் தேடிய கதையை மூன்றாவது ஆளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். இலை எடுக்க வேண்டியவர்கள் வாளியோடு நின்றார்கள்.

"யாரும் எழும்பவே மாட்டாங்க போலயே," என்றான் லோகன்.

"பின்னால ஆள் நின்னாத்தானே பந்தி முடியும்..." என்ற தாரா அப்படியே நிறுத்தினாள். "லோகன்! 10.07 ஆளுக்குப் பின்னால யாருமே நிக்கல!"

"என்னது?"

"10.11 வந்து நின்னதும் 10.07 கட்டம் முடிஞ்சிடுச்சு. 10.11க்குப் பின்னால யாரு? ஒருத்தரும் இல்ல. உனக்கு ஆள் வந்துகிட்டே இருக்கு, அதான் தெரியல."

அப்போது மண்டபக்காரர் ஒருவர் கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்தார். யாரும் வரவில்லை. சுவரோரம் போய் மின்விசிறிகளை நிறுத்தினார். ஒரு நிமிடத்தில் வியர்த்து, அங்கிள் உட்பட பந்தி மொத்தமும் எழுந்தது.

தாரா வாய்விட்டுச் சிரித்தாள். "இது வேணும் எனக்கு! இந்த ஃபேன் சுவிட்ச்!"

"அது இருக்கே," என்றான் லோகன். "ஆள் வரலன்னா எவ்வளவு நேரம் பொறுக்கணும்னு ஒரு செட்டிங் போட்டேன். ஆஃப்ல இருக்கு."

"ஏன் சொல்லல?"

"யாரும் கேக்கலயே."

"இருக்குன்னு தெரிஞ்சாத்தானே சாமி கேக்க முடியும்! எங்க எழுதி வச்ச?"

லோகன் கை கழுவக் கிளம்பினான்.

திரும்பி வந்ததும் தாரா 10.11 ஆளை எடுத்துவிட்டு, அந்த அமைப்பைப் பத்து வினாடிக்கு வைத்து ஓட்டினாள். முதல் கட்டம் மூன்று என்று உடனே வந்தது. திரை சும்மா இருந்தது. கமலநாதன் மணியைப் பார்த்தார். பத்து வினாடி கழிந்ததும் அடுத்த வரி விழுந்தது: இரண்டாம் கட்டம், ஒன்று.

"பேஜ் போகட்டும்," என்றார் கமலநாதன்.

உதாரணத்துக்குக் கீழே தாரா எழுதியது இதுதான்:

"பழைய பதிப்பு கணினியின் கடிகாரத்தைப் பார்த்துக் கட்டத்தை முடித்தது. புதிய பதிப்பு தகவலோடு வரும் நேரத்தை மட்டுமே பார்க்கிறது. அதனால் அடுத்த கட்டத்துத் தகவல் வந்தால்தான் முந்தைய கட்டம் முடியும். தகவல் நின்றுபோகக்கூடிய இடங்களில் காத்திருப்பு நேரத்தைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். அந்த நேரத்துக்குள் புதிதாக எதுவும் வராவிட்டால் கடைசிக் கட்டமும் முடிந்து, அதன் எண்ணிக்கை வெளிவரும். அதற்குப் பிறகு தாமதமாக வருபவை அந்தக் கட்டத்தில் சேராது. ஆகவே, உங்கள் தகவல் வழக்கமாகத் தாமதிக்கும் நேரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக வையுங்கள்."