முள்ளில் தொங்கிய ஓணான்

என் வீட்டுக்காரர் சதாமுக்கு நாகல் நகரில் கறிக்கடை. நான் எம்.எஸ்சி. விலங்கியல் சேர்ந்த அன்று கல்லூரியில் அவர் தொழிலைக் கேட்டார்கள். ‘பிசினஸ்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டேன். அதற்காக என் மேலேயே எனக்கு இன்னும் கோபம் உண்டு.

ஆய்வுக்கு நான் எடுத்தது கீச்சான் குருவி. ஆங்கிலத்தில் அதற்குக் கசாப்புக்காரப் பறவை என்றொரு பேர். கடை அடைத்த பிறகு இவர்தான் என்னை வண்டியில் எரியோடு பக்கம் கருவேலங்காட்டுக்குக் கூட்டிப் போவார். ஒருநாள் கீச்சான் மாட்டி வைத்த சின்ன ஓணான் ஒன்று முள்ளில் கழுத்து குத்தித் தொங்கியது. இவர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, தொழில் தெரிந்தவன் வேலை என்றார். பருந்து மாதிரி அமுக்கிப் பிடிக்க இதற்குக் காலில் வலு கிடையாது. அதனால் எந்தப் பக்கம் இழுத்துப் பிய்க்கப்போகிறதோ அதற்கு எதிர்ப்பக்கத்தை முள்ளில் மாட்டியிருக்கிறதாம். கடையில் கொக்கி இல்லாவிட்டால் தனக்கும் மூன்றாவது கை வேண்டும் என்றார்.

வைவா அன்று வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் அந்தப் பேருக்குக் காரணம் கேட்டார். நான் வாய் திறக்குமுன் அவரே பதிலும் சொன்னார்: கசாப்புக்காரன் போல ஈவிரக்கம் இல்லாததால். எல்லோரும் சிரித்தார்கள். மார்க் அவர் கையில். தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். ஆனால் கதவுக்கு வெளியே பெஞ்சில் இவர் உட்கார்ந்திருந்தார். அந்தச் சிரிப்பு இவர் காதில் விழாமல் இருக்காது. எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்துவிட்டது.

"இல்ல சார். கொன்னு திங்கிற பறவை ஊர்ப்பட்டது இருக்கு. இது மாட்டி வச்சு வேலை பாக்குது. அதுக்கு வச்ச பேரு."

மாட்டுவது எதற்கு என்பதையும் சொன்னேன். யார் சொன்னது என்று கேட்டார்.

"எங்க வீட்டுக்காரர். கறிக்கடை வச்சிருக்கார். வெளியதான் இருக்கார், கூப்பிடவா சார்?"

கூப்பிட்டார்கள். இவர் கூச்சத்தோடு வந்து, தன் கைக்குட்டையை ஜன்னல் கொக்கியில் மாட்டி ஒற்றைக் கையால் இழுத்துக் காட்டினார். பேராசிரியர் எழுந்து வந்து தானும் இழுத்துப் பார்த்தார். பிறகு இதைத் தீசிஸில் சேர்க்கச் சொன்னார், சொன்னவர் பேரோடு.

சேர்த்தேன். கல்லூரி நூலகத்தில் இருக்கிறது. சான்றுப் பட்டியலில் வெள்ளைக்காரர்களுக்கு நடுவே, ‘சதாம், கறிக்கடை, நாகல் நகர்’. தொழிலை விட்டுவிட்டுப் பேர் மட்டும் போட்டால் போதாதா என்று இவர்தான் கேட்டார். முடியாது என்றேன்.