கீர்த்தியின் அலுமினியக் கை

வைரவனுக்கும் எனக்கும் பல வருஷச் சண்டை. தி. நகரில் அவருக்குப் பாத்திரக்கடை, திருவான்மியூரில் சின்னதாக ஒரு வார்ப்புப் பட்டறை. வார்த்த பணியாரக்கல்லில் ஊசித்துளை விழுந்துவிட்டால் அபிராமபுரத்தில் என் வீட்டு வாசலில் வந்து நிற்பார். வார்ப்புகளில் குறை கண்டுபிடிப்பது என் பிழைப்பு. "அச்சை ஒழுங்கா காயவைக்காம எங்கிட்ட ஏன் வரேள்?" என்று எரிந்து விழுவேன். சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வார்.

நேற்று மனைவி பேச்சியம்மாளோடு வந்தார். துண்டில் சுற்றிக் கொண்டுவந்ததைப் பிரித்து என் முன்னால் வைத்தார். அவர்கள் மகள் கீர்த்தியின் கை.

போன வருஷம் ஸ்கூட்டரில் போகும்போது லாரி மோதி இறந்தவள். ஓவியக் கல்லூரியில் படிக்கையில் தன் வலது கையை மெழுகில் செய்து வைத்திருந்தாள். ரேகைகூட அப்படியே இருக்கும். வருஷத் திதிக்குள் அதை அலுமினியத்தில் வார்த்துப் பூஜையறையில் வைத்துவிட வேண்டும் என்று இவருக்கு ஒரே வெறி. மெழுகைச் சுற்றி அச்சு கட்டி, மெழுகை உருக்கி வெளியே எடுத்துவிட்டு, அந்தக் காலியிடத்தில் உலோகத்தை ஊற்ற வேண்டும். மெழுகு போனால் போனதுதான். இன்னொரு தரம் வார்க்க முடியாது.

வந்திருந்த கையில் ரேகையே இல்லை. விரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரை அம்மைத் தழும்பு மாதிரி பொடிப்பொடியாகத் துளைகள்.

"எதனாலம்மா இப்படி ஆச்சு?" என்று என்னிடம் கேட்டார் வைரவன்.

வாய்வரை வந்த திட்டை விழுங்கிக்கொண்டு விசாரித்தேன். விடாமல் மழை பெய்த வாரம். அச்சு இன்னும் ஒரு நாளாவது சூளையில் காய்ந்திருக்க வேண்டும். திங்கட்கிழமை ஏழரைக்கு ராகு காலம் வந்துவிடும், அதற்குள் ஊற்றியாக வேண்டும் என்று பேச்சியம்மாள் பிடிவாதம் பிடித்திருக்கிறாள். அச்சில் ஈரம் மிச்சமிருந்தால் ஆவியாகி உலோகத்தின் மேல்தோலைத் துளைத்துவிடும். இவர் மட்டும் என்ன? நல்ல அலுமினியக் கட்டி இருக்கும்போது, கீர்த்தி ஓட்டிய ஸ்கூட்டரின் இன்ஜின் மூடியை உருக்கி ஊற்றியிருக்கிறார். அவளோடு இருந்த பொருளாம். அதில் பிசுபிசுவென்று ஒட்டியிருந்த எண்ணெயும் உலோகத்துக்குள் வாயுவை ஏற்றிவிடும். இந்த மனுஷனை அறைவதா, கட்டிக்கொண்டு அழுவதா என்று தெரியவில்லை.

"இவ நேரம் பாத்ததுதான் காரணம்னு சோறு தண்ணி இல்லாம கெடக்கா. தப்பு எம்மேலன்னு தெரிஞ்சாலாவது தேறிருவா. சொல்லுங்கம்மா."

பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு அது வராது.

"மேலாப்புல பாத்து சொல்ல முடியாது வைரவன். அறுத்துத்தான் பாக்கணும். துளை தோலோட நின்னுருந்தா ஈரம். உள்ள வரைக்கும் இருந்தா எண்ணெய்."

"அப்ப அறுத்துருங்க."

ரம்பத்தை எடுக்க எழுந்தேன். இத்தனை வருஷப் பழக்கம், யோசிக்கவே இல்லை.

பேச்சியம்மாள் அந்தக் கையை எடுத்து முந்தானைக்குள் பொத்திக்கொண்டாள்.

"வேண்டாம்மா. ஆஸ்பத்திரியில எம்புள்ளைய ஒரு தடவ அறுத்தாச்சு. என்னாலதான்னே வச்சுக்கிடுங்க."