முழுக்கை

மகளின் முழங்கையில் அந்தச் சிவப்பைப் பார்த்ததும் அவள் கையிலிருந்த சோப்பு நழுவி வாளிக்குள் விழுந்தது.

ஒரு பட்டாணி அளவுதான். ஓரம் லேசாகத் தடித்து, நடுவில் வெள்ளையாய் ஒரு செதில். வேறு யாராவது பார்த்திருந்தால் கொசு கடித்திருக்கும் என்று விட்டிருப்பார்கள். அவளால் விட முடியவில்லை. கல்யாணத்துக்கு முந்தைய வருடத்திலிருந்து அதே சிவப்பைத் தன் முழங்கைகளிலும், முதுகிலும், தலைமுடிக்குள்ளும் சுமந்துகொண்டு திரிகிறவள் அவள். சொரியாசிஸ் என்று அதற்குப் பெயர். அந்தப் பெயரை அவள் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. வீட்டில் ‘அது’ என்றால் கணவனுக்குப் புரிந்துவிடும்.

“இது எப்ப வந்தது வாலு?”

“எது?” என்று மகள் கையைத் திருப்பிப் பார்த்தாள். எட்டு வயது. செய்கிற சேட்டைக்கு வாலு என்றே பெயர் நிலைத்துவிட்டது.

“எங்கயாவது இடிச்சுக்கிட்டியா?”

“தெரியல. அம்மா, சோப்பு கரையுது பாரு.”

அன்று இரவு சோறு இறங்கவில்லை. தன்னிடமிருந்துதான் போயிருக்கிறது. கண்ணைக் கொடுத்தாள், சுருட்டை முடியைக் கொடுத்தாள், இதையுமா கொடுக்க வேண்டும்?

அவள் வேலை செய்வது ஒரு டிரைகிளீனிங் கடையில். முன்பக்கம் கண்ணாடிக் கதவு, பூச்சாடி, சிரித்த முகமாய் ஒரு பெண். பின்பக்கம் இயந்திரங்களின் இரைச்சல், ஆவி, மருந்து நெடி. அங்கே ஜன்னலோரம் இருக்கும் கறை மேஜைதான் அவள் இடம். காபி, மை, ரத்தம், எண்ணெய் என்று எது பட்ட துணியானாலும் முதலில் அவளிடம்தான் வரும். சீருடை அரைக்கை. அவள் மட்டும் உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு முழுக்கைப் பனியன் போட்டிருப்பாள். வெளியிலும் அப்படியே. யார் கேட்டாலும், குளிர் உடம்பு என்பாள்.

“இந்த ஆவியில நான் வெந்து சாகறேன். உனக்குக் குளிருதா?” என்பார் எதிரே தேய்ப்பு மேஜையில் நிற்கும் ஆவியண்ணன். நாள் பூராவும் நீராவிக்குள் பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும் நிற்பதால் வந்த பெயர். “நீ என்ன, மனுஷியா மீன் ஜாதியா?”

அவர் சொன்னது குளிரை நினைத்து. அவளுக்கு ஞாபகம் வந்தது மீனின் செதில். சிரித்து வைத்தாள். கறுப்புக் கோட்டு எதையாவது முடித்தால், அவர் பக்கம் தள்ளுவதற்கு முன் தன் தலையிலிருந்து உதிர்ந்ததை யாரும் பார்க்காமல் பிரஷ்ஷால் தட்டிவிடுவது அவள் வழக்கம்.

இதற்கு முன்பு ஒரு துணிக்கடையில் இருந்தாள். அவள் கையைப் பார்த்த ஒரு வாடிக்கையாளர், எடுத்த துணியை அப்படியே வைத்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் அவளைக் கிடங்குக்கு மாற்றினார்கள். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அதிகம் வலித்தது.

வாலுவுக்கு அது நடக்கக் கூடாது.

கறை மேஜைக்குச் சில விதிகள் உண்டு. புது மருந்தை முதலில் மடிப்பின் உட்புறத்தில், கண்ணில் படாத இடத்தில் தடவிப் பார்க்க வேண்டும். ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் தேய்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, நாள் கடத்தக் கூடாது. ஊறிப்போன கறையை யாராலும் எடுக்க முடியாது.

அவளுக்குத் தெரிந்த வழி அதுதான். மருந்துக் கடையில் சீட்டில்லாமல் கேட்டு வாங்கிய களிம்புகளை முதலில் தன் முழங்காலில் தடவிப் பார்த்தாள். எரியவில்லை என்றால் மகளுக்கு. தினம் சாயங்காலம் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வெந்நீரில் ஊறவைத்து, மெல்லிய பிரஷ்ஷால் ஓரத்திலிருந்து நடுவுக்குத் தேய்த்தாள்.

“எரியுதும்மா.”

“கொஞ்சம் பொறுத்துக்கோ கண்ணு. இப்பவே எடுத்துட்டா போயிடும்.”

“போகலன்னா?”

“போயிடும்.”

போகவில்லை. பட்டாணி நீண்டு ஒரு கோடானது. பக்கத்திலேயே இன்னொரு கோடு. பிரஷ் போன வழியிலேயே சிவப்பும் படர்ந்தது. அவளுக்குப் பயம் கூடக் கூட, தேய்ப்பதும் கூடியது.

இந்த நேரத்தில் பள்ளிக்கூடத்தில் நீச்சல் வகுப்பு தொடங்குவதாகச் சொன்னார்கள். கையைப் பார்த்த ஆசிரியை, ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிட்டால் நல்லது என்றார். அவள் கணவனைப் போகச் சொன்னாள். அவன் லிஃப்ட் மெக்கானிக். பிள்ளையின் எந்த வேலைக்கும் அவளை முன்னால் விட்டுப் பின்னால் வருகிறவன்.

“ஏன், நீ வரலியா?”

“எனக்கு வேலை இருக்கு. இங்க பாருங்க, குடும்பத்துல யாருக்காவது இருக்கான்னு கேட்டா, இல்லன்னு சொல்லிடுங்க.”

“டாக்டர்கிட்டயா?”

“கேட்டாத்தான். கேக்கலன்னா சும்மா இருங்க.”

“பொய் சொன்னா எனக்குக் காது சிவந்துடும். உனக்கே தெரியும்.”

“காதுல மஃப்ளர் கட்டிக்கிட்டுப் போங்க.”

அவன் சிரித்தான். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

தெருமுனை டாக்டர் கேட்கத்தான் செய்தார். அவனும் இல்லை என்றுதான் சொன்னான். படர்தாமரை என்று சொல்லி ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார் அவர். அவள் மருந்துக் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் கண்ணீர் விட்டாள். படர்தாமரை என்றால் வந்த வழியே போய்விடும். ‘அது’ இல்லை. படித்த டாக்டர் பொய்யா சொல்வார்? பொய் சொன்னது தன் வீட்டுக்காரர் என்பதை அவள் மனசு சௌகரியமாக ஓரம் கட்டியது.

களிம்பு தீர்ந்தது. கோடுகள் தீரவில்லை. வலது கையிலும் ஒரு புள்ளி. நெற்றிமேல் முடியோரத்தில் இன்னொன்று. இரவில் மகள் தூங்கியதும் செல்போன் வெளிச்சத்தில் தலைமுடியை விலக்கி விலக்கிப் பார்த்தாள். கணவன் புரண்டு படுத்தான். “அவளைத் தூங்க விடு. நீயும் தூங்கு” என்றான். அவள் தூங்கவில்லை.

ஒரு நாள் காலையில் வெயில் கொளுத்தியது. வாலு அலமாரியைக் குடைந்துகொண்டிருந்தாள்.

“என்னடி தேடற?”

“குளிருக்குப் போடற ஸ்வெட்டர். முழுக்கை வெச்சது.”

“இந்த வெயிலுக்கா?”

“எனக்குக் குளிருது.”

“பொய் சொல்லாத. நெத்தியெல்லாம் வேர்த்திருக்கு.”

“நீ மட்டும் சொல்லலாமா?” என்றாள் வாலு. குரலில் கோபம்கூட இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, கை நுனியை விரல்வரை இழுத்துவிட்டுக்கொண்டு மகள் படியிறங்கிப் போனாள். அந்த இழுப்பு அப்படியே அவளுடையது. யாரும் சொல்லித்தராமல் பிள்ளை கற்றுக்கொண்டுவிட்டது. தோலில் வந்ததைவிட இது சீக்கிரமாகப் பரவியிருக்கிறது.

அந்த வாரமே அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, பெரிய மருத்துவமனையின் தோல் பிரிவில் மகளோடு போய் உட்கார்ந்தாள். கூப்பிடுவதற்குள் இரண்டு முறை எழுந்து வாசல்வரை போய்த் திரும்பினாள்.

டாக்டர் அம்மாள் சுருக்கமாகப் பேசுகிறவர். செதிலைச் சுரண்டி எடுத்துப் பக்கத்து அறைக்கு அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் முடிவு வந்தது.

“படர்தாமரை இல்ல. கிருமி எதுவும் இல்ல.” வாலுவின் கையை விளக்கருகே பிடித்துப் பார்த்தார். “கோடு கோடா வந்திருக்கே. யார் தேய்ச்சது?”

“நான்தான். பிரஷ் வெச்சு.”

டாக்டர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு மகளின் நகங்களைப் பார்த்தார். “வீட்ல வேற யாருக்காவது இந்த மாதிரி இருக்கா?”

வாலு அம்மாவைப் பார்த்தாள், டாக்டரைப் பார்த்தாள். பிறகு பொறுப்பாகச் சொன்னாள்: “அதைச் சொல்லக் கூடாதுன்னு அப்பா சொல்லியிருக்காங்க.”

டாக்டருக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். அடக்கிக்கொண்டு, மேஜையில் இல்லாத எதையோ தேடினார்.

அவள் முழுக்கைப் பனியனின் விளிம்பைப் பிடித்தாள். மணிக்கட்டு, முன்கை, முழங்கை என்று மேலே ஏற்றினாள். ஓரங்கள் தடித்த சிவப்புத் திட்டுகள். வெள்ளைச் செதில்கள் மேஜைக் கண்ணாடியில் உதிர்ந்தன. கையால் அவசரமாகத் துடைக்கப் போனாள்.

“விடுங்க, இருக்கட்டும்” என்றார் டாக்டர். தன் கையை நீட்டி, கையுறை இல்லாமலேயே அந்தத் திட்டைத் தொட்டுப் பார்த்தார். கணவனைத் தவிர வேறு ஒருவர் அங்கே தொட்டு எத்தனையோ காலமாகியிருந்தது.

“ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். சொரியாசிஸ். குடும்பத்துல வரலாம், வராமலும் போகலாம். நீங்க தப்புப் பண்ணி வந்தது இல்ல. தொட்டா ஒட்டாது. ஆனா தோலை உரசினா, கீறினா, அந்த இடத்துலயே புதுசா வரும். பிரஷ்ஷைத் தூக்கிப் போடுங்க.”

“எடுத்தா போயிடும்னு...”

“எடுக்கறதுக்கு அங்க ஒண்ணும் ஒட்டிக்கிட்டு இல்ல. உங்க தோல் தேவைக்கு மேல வேகமா வளருது. அதை நிதானப்படுத்தறதுதான் மருந்து. இதுவரைக்கும் என்னென்ன போட்டீங்க?”

சொன்னாள். நீண்ட வரிசை. ஒவ்வொன்றின் முடிவிலும், “கொஞ்சம் மறைஞ்சது, நிறுத்திட்டேன், திரும்ப வந்தது” என்றாள்.

“மறைஞ்சதும் ஏன் நிறுத்தினீங்க?”

“போனப்புறம் எதுக்கு?”

சொல்லி முடித்ததும் அவளுக்கே உறைத்தது. கறை போனால் துணியை அனுப்பிவிடலாம். இந்தத் துணியை எங்கே அனுப்புவது? ஆயுசுக்கும் அவள் மேஜையில்தான் கிடக்கும்.

வாலுவுக்குக் களிம்பு மட்டும், சொன்ன அளவுக்குச் சொன்ன நாள்வரை. நீச்சலுக்குப் போகலாம், குளித்து ஈரம் போவதற்குள் எண்ணெய்ப்பசையாய் ஏதாவது தடவ வேண்டும், அவ்வளவுதான். அம்மாவுக்கு ஒளிச் சிகிச்சை. வாரத்தில் மூன்று தடவை. அது கேட்கவில்லை என்றால் மாத்திரை, அதற்கும் மேலே ஊசி இருக்கிறது என்றார் டாக்டர். ரத்தப் பரிசோதனை இல்லாமல் எதையும் தொடக் கூடாது, யாரோ சொன்னார்கள் என்று எதையும் வாங்கிச் சாப்பிடக் கூடாது.

ஒளிப்பெட்டி ஆளுயர அலமாரி போல இருந்தது. உள்ளே சுற்றிலும் குழல் விளக்குகள். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி, மூடி மூடி வைத்த உடம்பைத் திறந்து, கைகளைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். முதல் நாள் விளக்குகள் எரிந்ததும் அவளுக்குக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவிடலாம் போலிருந்தது. நின்றாள்.

“வாரத்துல மூணு நாள் சீக்கிரம் கிளம்பற. எங்கதான் போற?” என்று ஆவியண்ணன் கேட்டார்.

“ஆஸ்பத்திரிக்கு. உடம்புல லைட்டு அடிக்கறாங்க.”

“துணியை வெயில்ல வெச்சா சாயம் போகும்னு என்னைப் பாத்துக் கத்துவியே, இப்ப உன்னையே வெச்சுட்டாங்களா?” என்றவர், அவள் முகத்தைப் பார்த்துக் குரலை இறக்கினார். “போயிட்டு வா தங்கச்சி. உன் மேஜையில இருக்கற கோட்டை நான் பாத்துக்கறேன்.”

முதல் சில வாரங்கள் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு தடவை முதுகு சிவந்து எரிந்தபோது, இதுவும் வீண், இன்னும் கெடுத்துக்கொண்டேன் என்று இரவெல்லாம் புலம்பினாள். மறுநாள் நர்ஸ் ஒளியின் அளவைக் குறைத்து வைத்து, “நிறுத்திடாதீங்க, சொல்லிட்டேன்” என்றார். நிறுத்தவில்லை. ஆனால் நம்பவும் இல்லை.

நம்பியது ஒரு மத்தியானம். கறுப்புக் கோட்டின் காலரில் எண்ணெய்க் கறையை எடுத்து முடித்தாள். வழக்கம்போல உதிர்ந்ததைத் தட்டிவிட பிரஷ்ஷை எடுத்தாள். தட்டுவதற்கு ஒன்றும் இல்லை. குனிந்து பார்த்தாள், விளக்கைத் திருப்பிப் பார்த்தாள். கோட்டு கறுப்பாகவே இருந்தது. பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு, கோட்டை அப்படியே ஆவியண்ணன் பக்கம் தள்ளினாள்.

வாலுவின் கோடுகளும் மங்கியிருந்தன. ஸ்வெட்டர் மட்டும் இறங்கவில்லை. நீச்சல் வகுப்பு என்றால் வயிற்றுவலி என்றாள். இரண்டு வாரம் அப்படிப் போனது. மூன்றாம் வாரம் அவள் கடையிலிருந்து கிளம்பும்போது, உடை மாற்றும் அறையில் முழுக்கைப் பனியனைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்தாள். வெளியே வந்து திரும்ப உள்ளே போனாள். பையைத் திறந்தாள், மூடினாள். பிறகு அரைக்கைச் சீருடையோடு தெருவில் இறங்கினாள். எதிரே வந்த எல்லோரும் தன் கையைத்தான் பார்க்கிறார்கள் என்று தோன்றியது. உண்மையில் ஒருவர் பார்த்திருப்பார். அதுவே போதும், அவள் நடை வேகமெடுக்க.

நீச்சல் குளத்தோரம் பெற்றோருக்கான பெஞ்சில் உட்கார்ந்தாள். கைகளில் திட்டுகள் இறங்கி, பழுப்புத் தழும்பாக நின்றன. முழங்கை நுனியில் இன்னும் சிவப்பு. பக்கத்தில் இருந்தவர் தன் கைப்பையை எடுத்து அந்தப் பக்கம் வைத்தார். எதற்காக வைத்தாரோ. அவள் கைகளைக் கட்டிக்கொள்ளாமல் இருக்க மிகவும் சிரமப்பட்டாள்.

எதிர்ப்பக்கச் சுவரோரம் வாலு ஸ்வெட்டரோடு நின்றாள். அம்மாவைப் பார்த்தாள். கண்ணைச் சுருக்கி மறுபடி பார்த்தாள். சுற்றி வந்து காதருகே குனிந்தாள்.

“அம்மா, உன் கை தெரியுது.”

“தெரியட்டும்.”

“யாராவது கேட்டா?”

“கேட்டா சொல்லிக்கலாம்.”

“என்னன்னு?”

அவள் பக்கத்தில் இருந்தவரை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னாள்: “சொரியாசிஸ்.”

“சொ-ரி-யா-சிஸ்.” வாலு வாய்க்குள் உருட்டிப் பார்த்தாள். “டைனோசர் பேர் மாதிரி இருக்கு.”

“அது ஒட்டாது. அதையும் சேத்துச் சொல்லு.”

வாலு கொஞ்சம் யோசித்தாள். பிறகு ஸ்வெட்டரைத் தலைவழியாக உருவி அம்மா மடியில் போட்டாள். “தொலைச்சுடாத.”

ஈரத் தரையில் ஓடாதே என்று சொல்வதற்குள் ஓடிவிட்டாள். குளத்தின் விளிம்பில் ஒரு சிறுமி அவள் கையைச் சுட்டிக்காட்டி ஏதோ கேட்பது தெரிந்தது. அந்த இரைச்சலில் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. வாலுவின் வாய் அசைந்தது. அந்தச் சிறுமி ஒரு அடி பின்னால் போனாள்.

அவள் மடியிலிருந்த ஸ்வெட்டரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்துவிட்டாள்.

சிறுமி இரண்டு கைகளையும் நகம்போல மடக்கி, வாயைப் பெரிதாகத் திறந்து உறுமினாள். வாலு பதிலுக்கு உறுமினாள். இருவரும் ஒன்றாகத் தண்ணீரில் குதித்தார்கள்.